ஒயில் கூலரும் உன் வாப்பாவின் காலும்

மகனே, கோபத்தோடு எழுதினாலும் ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதால் முதலில் ஸலாம். இனி மற்றது. கல்யாண உடுப்பு எடுக்கக் கொழும்பில் கடை கடையாக ஏறி இறங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். நிறுத்து. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு உன் மாமா இங்கே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், தொடவில்லை. பழுதான காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தங்கச்சி, உன்ட மகன் கை நீட்டுவானா?" அவருடைய ஒரே மகளை உனக்குத் தருவதா இல்லையா என்பது என் பதிலில் இருந்தது. "ஓம் காக்கா, நீட்டுவான்" என்று சொல்லிவிட்டேன்.

பெற்றவளே இப்படிச் சொல்லலாமா என்று இந்தக் கடதாசியை இப்போது கசக்கியிருப்பாய். கசக்கினால் மறுபடி விரித்துப் படி. பொய் சொல்லி உன்னை மாப்பிள்ளையாக்கி அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் கல்யாணம் முடித்த ஆண், பெண் வீட்டுக்குத்தான் போய்ச் சேருகிறான். அவள் பேரில் எழுதின வீடு, அவள் அடுப்பு, அவள் வாசல். அங்கே போய் நீ அவள் மேல் கை வைத்தால், என் கை பட்டதாகத்தான் என்னோடு கூடப்பிறந்த காக்கா நினைப்பார். எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போன வலி ஏற்கெனவே போதும்.

பெருநாள் லீவில் வந்தபோது மீன் சந்தையில் நீ செய்ததை நான் உனக்கு நினைவூட்டத் தேவையில்லை, ஆனால் நினைவூட்டுவேன். ஐஸ்காரர் தள்ளுவண்டியைத் திருப்பும்போது அதன் கைப்பிடிக் கம்பு மாமாவின் பிக்கப்பின் முன்பக்கத்தில் இடித்தது. கியர் எண்ணெயை ஆறவைக்கும் ஒயில் கூலருக்குப் போகும் ரப்பர் குழாய் நசுங்கி எண்ணெய் சொட்டியது. அவர் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் நீ குத்தினாய். மனிதர் தன்னுடைய ஐஸ் பாளத்தின் மேலேயே விழுந்தார். விழுந்தவரையும் விடவில்லை. தாடை பிசகி, பல் தெறித்து, வெள்ளை ஐஸ் முழுக்க இரத்தம். அவர் நம் ஊர் ஆள் என்பதால் ஆஸ்பத்திரியோடு முடிந்தது. மற்ற ஊர்க்காரராக இருந்திருந்தால் அன்று பொழுது படுவதற்குள் இரண்டு ஊரும் எரிந்திருக்கும், காலம் அப்படி. வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு நீ என்ன சொன்னாய்? "அந்தக் குழாய் வெடிச்சுத்தானே உம்மா மாமாட முகம் போனது. அதில கொண்டுவந்து இடிச்சா சும்மா உடுவனா?" என்றாய். அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு நெஞ்சு எரிகிறது. உனக்கு யாரும் உண்மையைச் சொல்லவில்லை. மாமாவின் முகத்தைக் குழாய் எரிக்கவில்லை.

அந்த பிக்கப் வந்த காலத்தில் நீ அக்கரைப்பற்று மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தாய். மாமா சவூதியில் உழைத்துத் திரும்பி, கொழும்பில் ஜப்பான் வண்டிகள் இறக்கும் இடத்தில் அதை எடுத்தார். ஓட்டோ கியர் என்பதால் ஒருவரும் தொடாமல் கிடந்த வண்டி. கிளச் இல்லாத வாகனமும் ஒரு வாகனமா என்று ஊரே சிரித்தது. உன் வாப்பா மட்டும் சிரிக்கவில்லை, சாவியைக் கேட்டு வாங்கினார். மைத்துனரின் வண்டியைத் தன்னுடையதுபோல ஓட்டினார். அவர் தொட்டதெல்லாம் அவருடையதுதான், அதில் நானும் அடக்கம். அவர் என்னையும் அடித்திருக்கிறார். நீ பார்த்தும் இருக்கிறாய், கதவுக்குப் பின்னால் நின்று. அதை நீ மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வது எனக்குத் தெரியும்.

இறக்காமத்துப் பக்கம் நம் வயல் அந்தப் போகம் நன்றாக விளைந்தது. கதிரை அறுத்துக் களவெட்டிக் களத்தில் குவித்தாகிவிட்டது. சூடடிக்க வருவதாகச் சொன்ன டிராக்டர்காரன் பாதை சரியில்லை என்று வரவில்லை. குவித்த கதிரை அப்படியே விட்டால் யானை வந்து விருந்துண்டுவிட்டுப் போகும். உன் வாப்பா என்ன செய்தார் தெரியுமா, பிக்கப்பைக் களவெட்டிக்குள் இறக்கினார். பரப்பிய கதிரின் மேல் டிராக்டரை ஓட்டுவதுபோல அதை வட்டம் வட்டமாக ஓட்டி நெல்லை உதிர்க்கத் தொடங்கினார். ஓட்டோ கியர் அப்படியான வேலைக்குப் பிறந்தது அல்ல. மெல்லமாக, பாரத்தோடு, வைக்கோலில் சறுக்கிச் சறுக்கி ஓடும்போது கியர் பெட்டிக்குள் எண்ணெய் கொதிக்கும். வெளியே காற்றும் கிடைக்காது. மத்தியானத்துக்குள் கருகின வாடை. மாமா எண்ணெய் அளக்கும் குச்சியை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் கோப்பித்தூள் நிறத்தில் வந்தது. "மச்சான், இதுக்கு ஒயில் கூலர் ஒண்டு போடாம இனி ஓட்டாதீங்க" என்றார்.

உன் வாப்பாவுக்குப் பொறுமை ஏது? நான் துக்கம் விசாரிக்க ஒரு மவுத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் பிரிட்ஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மாமா சவூதியிலிருந்து எனக்கென்று கொண்டுவந்த பிரிட்ஜ். அதன் முதுகில் இருந்த கறுப்புக் கம்பிச் சுருளை வாப்பா இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துக்கொண்டு போயிருந்தார். உள்ளே பாரைக்குட்டி மீன் நாறிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, "அதுவும் சூட்ட வெளிய தள்ளுற சாமான்தானேகா" என்று ஒரு சிரிப்பு. சூட்டைத் தள்ளும் சாமான்தான், ஆனால் அதன் குழாய் ஈர்க்குச்சி பருமன். கியர் பெட்டியிலிருந்து விரல் தடிப்பில் வரும் எண்ணெய் அதற்குள் எப்படிப் போகும்? மாமா இதைச் சொன்னார். வாப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்பின் ரப்பர் குழாயை வெட்டி இணைத்தார். கிளிப் இல்லை என்று கட்டுக்கம்பியால் முறுக்கினார். சுருளை ரேடியேற்றருக்கு முன்னால் கயிறு போட்டுக் கட்டினார். மறுநாள் திரும்பவும் களவெட்டி.

அன்று நான் மத்தியானச் சோறு கொண்டுபோனேன். சூடடிக்கும்போது பெண் களவெட்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்பது வழமை, அதனால் வரம்பில் நின்றேன். நான் நின்றது சாரதிப் பக்கம். வெக்கைக்காக வாப்பா கதவைத் திறந்து போட்டிருந்தார். அவருடைய கால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. கூலரின் இடுக்கெல்லாம் வைக்கோல் தூசி அடைத்து, குழாய் பாம்பு இரை விழுங்கியதுபோல் புடைத்திருந்ததாம். மாமா ஓடிவந்து வண்டியை மறித்து, பொனட்டைத் தூக்கிக் குனிந்தார். "நிப்பாட்டுங்க! இஞ்சினை நிப்பாட்டுங்க!" என்று கத்தினார். கூலிக்கு வந்த ஆட்களெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாமாவுக்கும் வாய் சும்மா இருக்காது. "மாட்டுக்குப் பின்னால போனவனுக்கு வாகனத்தக் குடுத்தன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்று சொன்னார். ஆட்களில் யாரோ சிரித்தார்கள். உன் வாப்பாவின் முகம் கறுத்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். மாமாவின் முகம் பொனட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அக்சிலேற்றரை அடிவரை மிதித்தார். மிதித்த காலை எடுக்கவில்லை. நான் பார்த்தேன் மகனே. இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இஞ்சின் அலறியது. குழாய் வெடித்தது. கொதிக்கும் எண்ணெய் மாமாவின் இடது கன்னம், காது, கழுத்து எல்லாம் அப்பிக்கொண்டது. அவர் போட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். மிச்ச எண்ணெய் சூடான புகைக்குழாயில் பட்டுப் பற்றியது, அதிலிருந்து வைக்கோல், அதிலிருந்து குவித்த கதிர். நான் வரம்பிலிருந்து குதித்து ஓடி மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வாய்க்காலுக்குள் தள்ளினேன். ஆட்கள் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே எடுத்தார்கள். கதிரில் பாதிக்கு மேல் எரிந்து முடிந்தது. வாப்பா ஈரச் சாக்கால் நெருப்பை அடித்து அடித்துக் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்தியது மாமாவின் பேரைச் சொல்லியல்ல. "ஹோஸ் வெடிச்சிட்டு! ஹோஸ் வெடிச்சிட்டு!" என்றுதான். அந்த ஒரு பேச்சை அன்றே ஊர் பிடித்துக்கொண்டது.

அதோடும் விட்டார்களா? பெண் ஒருத்தி களவெட்டிக்குள் கால் வைத்ததால்தான் நெருப்புப் பிடித்தது என்று இன்னொரு கதையும் கிளம்பியது. நெருப்புப் பிடித்த பிறகுதான் நான் ஓடினேன் என்பதை யார் கேட்டார்? ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். சேர்ந்து சாப்பிட வைத்த சஹன் தட்டுச் சோற்றை அவள் மடியிலேயே கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தேன். உன் கோபம் வாப்பாவிடமிருந்து மட்டும் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் கவிழ்த்தது சோறு. அதை ஆறவைத்துத்தான் பரிமாறியிருந்தார்கள்.

மாமாவை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வண்டி முற்றத்தில் நின்றது. உலக்கையை எடுத்து அதன் முன் கண்ணாடியை உடைத்தேன். அது மாமாவின் கண்ணாடி என்று பிறகுதான் புத்திக்கு உறைத்தது, உறைத்தபோதும் கவலை வரவில்லை. சத்தம் கேட்டு வாப்பா வந்தார். என்னை அடிக்கக் கை ஓங்கினார். உலக்கை என் கையில் இருந்தது. "இது என்ட வீடு. எனக்கு என்ட உம்மா தந்த வீடு. வெளிய போங்க" என்றேன். "ஹோஸ் வெடிச்சதுக்கு நான் என்னகா செய்ய?" என்றார். "ஹோஸ் இல்ல, உங்கட கால். அத நாலு பேருக்கு முன்னால என்டைக்குச் சொல்றீங்களோ அண்டைக்கு உள்ள வாங்க" என்று கதவைச் சாத்தினேன். உன் வாப்பா தன் தாய் வீட்டில் போய்க் கிடந்தார். பிள்ளை குட்டி பெற்ற ஆண் தாய் வீட்டில் போய்க் கிடப்பது நம் ஊரில் எவ்வளவு கேவலம் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாமாவோ கட்டுப்போட்ட முகத்தோடு, "நஸீபு தங்கச்சி, எழுதின விதி, குழாய் வெடிச்சிட்டு, உடு" என்றார். என் வாழ்க்கை குலையக் கூடாது என்று அவர் அதைச் சொன்னார். அவருக்கும் எல்லாம் தெரியும். இஞ்சின் அலறியதை முதலில் கேட்டது அவர் காதுதானே.

மாமாவின் பிழைப்பு அந்த வண்டி. அது சும்மா நின்றால் அவர் பிள்ளைகளின் வயிறு காயும். சரியான கூலர் போட்டு அதை ஓடவைப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு என்று வாப்பாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து வாசலுக்கு வெளியே நின்றார். நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். கல்முனையில் ஒரு மெக்கானிக் பாஸ் இருந்தார், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், வாய் மட்டும் வங்காள விரிகுடா. "அக்கா, இந்தக் கரையில என்னை உட்டா ஆளில்ல" என்று தொடங்கி, ஒரு காரின் ஏசிக்கு முன்னால் இருக்கும் தட்டைச் சுருளைக் காட்டினார். குழாயின் வாய்க்குள் என் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், நகம்கூடப் போகவில்லை. "பிரிட்ஜில பட்டது போதாதா பாஸ்?" என்றேன். அடுத்து ஏதோ மண் வெட்டும் இயந்திரத்தின் கூலரைத் தூக்கிவந்தார், ரேடியேற்றர் முழுவதையும் மூடும் அளவு. "முன்னால இத வெச்சா பின்னால இஞ்சினுக்குக் காத்து எங்கால வாற?" என்று வாப்பாதான் மெல்லக் கேட்டார். அத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் புத்தியான பேச்சு அது. கடைசியில், ஓட்டோ கியர் வேன் ஒன்றை உடைத்த இடத்திலிருந்து கழற்றிய ஒன்று கிடைத்தது. ஒரு புத்தகத்தின் அகலம், நல்ல தடித்த குழாய், நெளிவில்லாத தகடு. காற்று ஊதித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தோம், ஒரு குமிழிகூட வரவில்லை. அதையே எடுத்தோம்.

பூட்டியது எங்கள் முற்றத்தில். நீ உன் கையால் என்றாவது அதைக் கழற்றிப் பூட்டவேண்டி வரும், அதனால் எழுதுகிறேன். கியர் பெட்டியிலிருந்து வரும் எண்ணெய் முதலில் ரேடியேற்றரின் அடித் தொட்டிக்குள் போய், அங்கிருந்து வெளியே வந்த பிறகே இந்தக் கூலருக்குள் போகவேண்டும். ஆறிய எண்ணெய்தான் திரும்பப் பெட்டிக்குப் போகும். கூலர் ரேடியேற்றரில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி வேண்டும். கயிறு, கட்டுக்கம்பி எதுவும் கூடாது. இரும்புப் பட்டி அடித்து, இடையில் ரப்பர் துண்டு வைத்து முடுக்கவேண்டும். துணி நெய்து உள்ளே வைத்த ஒயில் குழாய்தான் போடவேண்டும், தண்ணீர்க் குழாய் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். ஒவ்வொரு வாயிலும் கிளிப். புகைக்குழாயின் பக்கமே குழாயைக் கொண்டுபோகக் கூடாது. வைக்கோல் தூசிக்கு முன்னால் ஒரு வலை. எண்ணெயின் அளவை இஞ்சின் ஓடும்போதுதான் பார்க்கவேண்டும். இதையெல்லாம் உன் வாப்பா தன் கையால் செய்தார். பாஸ் பக்கத்தில் இருந்து பெருமை பேசினார்.

முடிந்ததும் ஒழுக்குப் பார்க்கவேண்டும். ஒருவர் இஞ்சினை மிதிக்க, ஒருவர் குனிந்து பூட்டுகளைப் பார்ப்பதுதான் முறை. பாஸ் குனியப் போனார். "நில்லுங்க பாஸ்" என்றேன். மாமாவை அழைத்து வந்திருந்தேன். கட்டு அவிழ்த்துச் சில நாள்தான் ஆகியிருந்தது, காது சுருண்டு சிறு பிள்ளையின் காது அளவாக இருந்தது. "காக்கா, நீங்க ஏறி உக்காருங்க. புள்ளட வாப்பா முன்னுக்கு நிண்டு பாக்கட்டும்." பக்கத்து வீட்டு ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். பாஸ், "அக்கா, அது என்ட வேல" என்றார். "உங்கட வேல முடிஞ்சி. இது எங்கட வீட்டு வேல" என்றேன். மாமா ஏறினார். "எவ்வளவு மிதிக்க?" என்று கேட்டார். "அண்டைக்கு இவரு மிதிச்ச அளவுக்கு" என்றேன்.

வாப்பா என்னைப் பார்த்தார். நான் இரங்குவேன் என்று நினைத்தார், நான் இரங்கவில்லை. குழாய் மறுபடி வெடித்தால் அவர் முகம் வெந்துபோகும் என்று தெரிந்துதான் நின்றேன், அதையும் உனக்கு மறைக்க மாட்டேன். அவர் குனிந்து முகத்தைக் கூலருக்கு நேரே வைத்தார். பிறகு வேலியில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான், அண்டைக்கு ஹோஸில்ல. என்ட கால்தான்" என்றார். மாமா, "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மிதித்தார். அடிவரை மிதித்தார். முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. ரப்பர் குழாய் உயிர் வந்ததுபோல் துள்ளியது. மாமா நினைத்த நேரம்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. இஞ்சினை நிறுத்தி இறங்கினார். நேரே வந்து வாப்பாவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். வாப்பா விழுந்து எழுந்தார், கையைத் தூக்கவில்லை. "இப்ப சோத்தப் போடு தங்கச்சி" என்றார் மாமா. இருவரும் ஒரே சஹனில் சாப்பிட்டார்கள். அன்று என் கதவு திறந்தது.

அதோடு உன் வாப்பா இறைநேசரான அவுலியா ஆகிவிட்டார் என்று எழுத மாட்டேன். மவுத்தாகும்வரை கோபக்காரர்தான். கை ஓங்குவார், பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிவார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் குழாய்க் கதையை மட்டும் உனக்கு மாற்றிச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. வேலியோரம் கேட்டவர்களும் அதை உன் காதுவரை கொண்டுவரவில்லை. நீ அதை நம்பி வளர்ந்தாய். ஊரில் உள்ள குழாயையெல்லாம் காவல் காத்தாய். குழாயைத் தொட்டவனின் பல்லை உடைத்தாய். அப்படிச் செய்த நேரம் நீ அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டிருந்தாய் என்று உனக்குத் தெரியவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக் கதைக்குத் திரும்புகிறேன். நான் "ஓம்" என்றதும் மாமா தலையைக் குனிந்துகொண்டார், எழுந்து போனார். நிக்காஹ் நின்றது என்றுதான் நினைத்தேன், அன்றைக்கு நிறைய அழுதேன். மறுநாள் பெண்ணே வந்தாள். தகப்பன் சொல்லி அனுப்பவில்லை, தானாக வந்தாள். முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் நின்று சொன்னாள்: "மாமி, நீங்க பொய் சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டன். மச்சான் அந்த ஐஸ்காரரிட்டப் போகட்டும். போய்க் கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிக்கட்டும். அவரு அடிச்சா அடிக்கட்டும். மறுகா எனக்கிட்ட வந்து நடந்தத அவர்ட வாயால சொல்லட்டும். அதுக்குப் பிறகு நான் என்ட பதிலச் சொல்றன்." சொல்லிவிட்டு, என் அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

நேற்று ஐஸ்காரரின் வீட்டுக்குப் போனேன். இன்னும் கஞ்சிதான் குடிக்கிறார். உன்னை அழைத்துவருகிறேன் என்று சொன்னேன். எந்தக் கையால் அடித்தான் என்று கேட்டார், வலது கை என்றேன். வரட்டும் என்று மட்டும் சொன்னார். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் தடுக்க மாட்டேன். நான் உன் பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். உடுப்பு, இனிப்பு ஒன்றும் வாங்காமல் வா. நீ திருப்பிக் கை ஓங்கினால் அந்தப் பிள்ளையின் வாசலும் இல்லை, என் வாசலும் இல்லை. ஒன்று சொல்ல விட்டுப்போனது. அன்று முற்றத்தில் இஞ்சின் அலறியபோது நான் உன் வாப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது, ஆனால் கண்ணை மூடவில்லை. அவரிடமிருந்து உனக்கு என்னவெல்லாமோ வந்துவிட்டது. அதுவும் வந்திருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும்.

உன் உம்மா